உப்புக்காரர் கேட்டது

கூட்ஸ் வண்டிக்கு அடியில் குனிந்து போயிருக்கிறீர்களா? என் வயதுக்காரர்களாக இருந்து, கொருக்குப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களாகவும் இருந்தால் போயிருப்பீர்கள். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டேன். கேட்டு போட்டால் போட்டதுதான். துறைமுகத்துக்குப் போகிற எண்ணெய் டாங்கர்களும் நிலக்கரி வேகன்களும் தண்டவாளத்தில் வந்து நின்று, எதற்கு நிற்கிறோம் என்று தங்களுக்கே தெரியாதது போல நின்றுகொண்டிருக்கும். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம், நடுவில் ஓர் இரும்புச் சுவர். சுவருக்கு அடியில் ஒரு ஆள் குந்தி நகர்கிற அளவு வெளிச்சம். பையை முன்னால் தள்ளு, தலையைக் குனி, பின்னலைப் பிடித்துக்கொள், வந்துவிட்டாய். க்ரீஸ் நாற்றம், மூத்திர நாற்றம், மணலி ஆலைகளிலிருந்து காற்றில் வருகிற அழுகிய முட்டை நாற்றம். பெரியவர்களும் அப்படித்தான் போனார்கள். பட்டுப்புடவை கட்டிக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட பெண்கள்கூடக் கொசுவத்தை இடுக்கிக்கொண்டு அப்படித்தான் போனார்கள்.

ரயில்வே கேட்டு என்று நீட்டிச் சொல்ல எங்களுக்குப் பொறுமை இல்லை. வெறும் கேட்டு. “கேட்டு போட்டுட்டானா?” “கேட்டாண்டயே நில்லு, தோ வந்துகினே கீறேன்.” யார் எவ்வளவு தாமதமாக வந்தாலும் அந்த ஒரு சொல்லே சமாதானம்.

அந்த ஐப்பசியில் ஊர் முழுக்க மெட்ராஸ் ஐ. முதலில் எங்கள் டீச்சருக்கு, பிறகு எனக்கு. காலையில் இமைகள் பிரியாது. வெந்நீர்த் துணியால் அம்மா ஒற்றி ஒற்றிப் பிரிப்பாள். எதிர்வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்கா வந்து கண்ணில் தாய்ப்பால் விட்டுவிட்டுப் போவாள். அப்பாவின் கூலிங் கிளாஸ் என் மூக்கில் நிற்காததால் அதன் கம்பிகளை ரிப்பனால் பின்மண்டையில் கட்டிவைத்தார்கள். கண்ணைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று தெருவே என்னைத் தவிர்த்தது. என் தோழிகள் இருவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டு என்னிடம் பேசினார்கள். முதுகுக்கு ஒட்டாதாம்.

ஒருத்தி மீன்காரம்மாவின் மகள். அவள் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து அன்னக்கூடையில் சுமந்து எங்கள் தெருக்களில் விற்பவர். இன்னொருத்தி மளிகைக்கடைக்காரர் மகள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். அவளுக்கு வீட்டில் ஒரு தமிழ், தெருவில் எங்கள் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்த மூன்றாவது தமிழ். நாங்கள் மூவரும் ஒரே பெஞ்சு. ஒருத்தி எழுந்தால் மற்ற இருவரும் சாய்கிற பெஞ்சு.

உப்புக்காரரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இவர் இல்லை, உங்கள் தெருவுக்கு வந்த வேறொருவர். எல்லோருக்கும் ஒரே குரல்தான். ‘உப்போய்’ என்று ஆரம்பித்து, கடைசி எழுத்தைத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போவார்கள். எங்களுடையவர் அத்திப்பட்டு உப்பளத்திலிருந்து சைக்கிளில் வருவார். கேரியரில் கோணி மூட்டைகள், மேலே நீலத் தார்ப்பாய், அதற்கு மேல் மரப்படி. மழைக்காலத்தில் மூட்டையின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சைக்கிள் போன தடம் காய்ந்தபின் தார்ச்சாலையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். நாங்கள் அந்தக் கோட்டின் மேல் கை விரித்து நடப்போம், சர்க்கஸ்காரிகளைப் போல. அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. எங்கள் பெயர் அவருக்குத் தெரியாது.

மழை விட்ட ஒரு சாயங்காலம். கேட்டு போட்டிருந்தது, கூட்ஸ் நின்றிருந்தது. அவர் சைக்கிளைக் கேட்டருகில் சாத்திவிட்டு, அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குத் தரவேண்டிய மூட்டையை மட்டும் தோளில் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் தோழிகள் எதிர்ப்பக்கத்திலிருந்து குனிந்தார்கள். நேருக்கு நேர். அப்போது வண்டி ஒரு தரம் அசைந்தது.

இதற்கு மேல் எழுத மாட்டேன். நான் பார்க்கவில்லை. நான் வீட்டில் ரிப்பன் கட்டிய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எரிச்சலில் அழுதுகொண்டிருந்தேன். பார்த்தவர்கள் எனக்குச் சொல்லாததை நான் எப்படி எழுதுவது? உப்பு மொத்தமும் ஜல்லிக்கற்கள் மேல் கொட்டிப்போனது, விடிவதற்குள் மழை அதைக் கரைத்துவிட்டது. இவ்வளவுதான் ஊர் சொன்னது. “மழ எல்லாத்தையும் கழுவிடுச்சி,” என்றார் அப்பா. ஆறுதலாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு கடைக்காரர் மகள் பேசினாள். பேசினாள் என்றால், கடை திறந்த நேரத்திலிருந்து ஷட்டர் இறங்கும்வரை. பருப்பு வாங்க வந்தவர்கள் பருப்போடு அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

“ஏட்டி, அந்த அக்காவுக்குச் சொல்லு, நீ பாத்தத,” என்பார் அவள் அப்பா, பொட்டலத்துக்கு நூல் சுற்றியபடி.

“நான் பாத்தேம்லா. வண்டி டமார்னு அசைஞ்சுச்சு. மூட்ட அந்தப் பக்கம், அவரு இந்தப் பக்கம். வாயே தெறக்கல.”

“அய்யே! பயமா இல்லியா உனக்கு?”

“எதுக்குப் பயம்?”

“எம்மவளுக்குத் துணிச்சல் சாஸ்தி,” என்பார் அவர். பெருமையில் நூலை இன்னொரு சுற்று கூடச் சுற்றுவார்.

ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. ஒருநாள் டிரைவர் குதித்து ஓடினார். ஒருநாள் காக்கைகள் வந்தன. எது மாறினாலும் ‘வாயே தெறக்கல’ மட்டும் மாறாது, அந்த இடத்தில், அதே குரலில். பேசாத நேரங்களில் அவள் பின்னல் நுனியை வாயில் வைத்து மென்றாள். மென்று மென்று அது எலி கடித்தது போல ஆனது. பழக்கம் கெட்டது என்று அவள் அம்மா நுனியைக் கத்தரித்துவிட்டார். அவள் அடுத்த அங்குலத்தை மெல்ல ஆரம்பித்தாள்.

மீன்காரம்மாவின் மகள் பேசவே இல்லை. முதலில் காய்ச்சல். காய்ச்சல் தூக்கத்தில் ஒரே ஒரு சொல்: “கேட்டு… கேட்டு…” விழித்தால் அதுவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் கண் சரியானதும் ஓடினேன். அவளுக்கு என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. தேன்மிட்டாய் கொண்டுபோனேன், எறும்பு மொய்த்தது. அப்பாவின் கூலிங் கிளாஸைக் கொண்டுபோய் அவளுக்கு மாட்டிவிட்டேன். கழற்றாமல் அப்படியே படுத்திருந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

“பயந்த கோளாறு,” என்றார் மீன்காரம்மா. “கேட்டு கேட்டுன்னு பொலம்பிகினே கீது பாரு. அந்தக் கேட்டுதான் இதப் புடிச்சிகினு கீது.” தர்காவுக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர் ஓதி வாங்கிவந்தார். கறுப்புக் கயிறு கட்டினார். கேட்டு கண்ணில் படக்கூடாது என்று மகளை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு, பாலம் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு, வியாபாரத்தை விட்டுவிட்டு. அந்த அம்மா அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

வகுப்பில் வருகைப்பதிவு. டீச்சர் அவள் பெயரைக் கூப்பிடுவார். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மறுபடி கூப்பிடுவார். பொறுக்க முடியாமல் ஒருநாள் நான் குரலை மாற்றி “உள்ளேன் டீச்சர்” என்றேன்.

“நீ இன்னா அவளுக்கு வக்கீலா?” என்றார் டீச்சர். வகுப்பு சிரித்தது. “ஏம்மா, காது கேக்கலியா உனக்கு?”

அவ்வளவுதான், காதுக்கு வைத்தியம் ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தார். திரும்பினாள். காது நன்றாக இருக்கிறது என்றார். அப்படியானால் திமிர் என்று டீச்சர் முடிவுக்கு வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. அறுபது பெண்களின் சத்தத்துக்கு நடுவில் ஒருத்தியின் மௌனம் யாருக்குக் கேட்கும்?

பேசுகிறவள் தேறிவிட்டாள், பேசாதவள்தான் நோயாளி. தெரு இப்படித்தான் பிரித்துவைத்திருந்தது. நானும்தான். எனக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது, சொல்லவே கூச்சமான ஒன்று. அவர்கள் இருவரும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், நான் வெளியே. அவர்களுக்கு உள்ளே பேச்சுவார்த்தைகூட இல்லை. கடைக்காரர் மகள் வந்தால் மீன்காரம்மாவின் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் ஒரே அறை. அவர்கள் பார்த்ததை நானும் பார்த்துவிட்டால் உள்ளே போய்விடலாம் என்று தோன்றியது. ஒருநாள் கூட்ஸ் நின்றபோது கேட்டருகில் தனியாகக் குந்திச் சக்கரங்களுக்கு இடையில் பார்த்தேன். கண் வலிக்கிறவரை பார்த்தேன். அந்தப் பக்கம் காத்திருந்தவர்களின் கால்கள். ஒரு குட்டையில் கொஞ்சம் வானம். ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போனது. வேறொன்றும் இல்லை. எழுந்தபோது முழங்காலில் க்ரீஸ். அதற்கு அம்மாவிடம் அடி.

பிறகுதான் சுற்றிப்போட்டார்கள். பயந்த இடத்து மண்ணை எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்து, பயந்த பிள்ளையை அந்த இடத்திலேயே நிறுத்திச் சுற்றிப்போட வேண்டும். யாரோ சொன்னார்கள், மீன்காரம்மா நம்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை, தெருப் பெண்கள் பாதிப்பேர் கூட. கேட்டு திறந்துதான் இருந்தது. கேட்டுகீப்பர் வெளியே வந்தார்.

“இங்கெல்லாம் இது பண்ணக்கூடாதும்மா.”

“யோவ், உன் கேட்டாலதான்யா எம்பொண்ணு வாயடச்சிப் பூட்ச்சி!”

“கேட்டு மூடிதான்மா இருந்துச்சு அன்னிக்கு. மூடியிருந்தா வராதீங்கன்னுதானே அதுக்கு அர்த்தம்?”

“மூடிட்டு நீ தூங்கு. நாங்கோ பறந்து வர்றோம்!”

இந்தச் சண்டைக்கு நடுவில் அவளை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சரியாக அங்கே. அவள் கறுப்புக் கயிற்றைப் பற்றிக்கொண்டு நின்றாள். மீன்காரம்மா மண்ணையும் மிளகாயையும் அள்ளி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கை கல்லுப்பை எடுத்தார். வீட்டு உப்பு. எங்கள் தெருவில் எல்லா வீட்டு உப்பும் யாரிடம் வாங்கியது என்று யோசிக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. உப்புக் கை அவள் முகத்துக்கு எதிரே சுற்றி வந்தது. அவள் பாவாடை நனைந்தது. சத்தமில்லாமல், நின்றபடியே. “பாத்தியா, பயம் எறங்குது,” என்றார் ஒரு பெண். எல்லோரும் ஆமாம் என்றார்கள். கடைக்காரர் மகள் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் மணிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. “வலிக்குதுடி,” என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, வரையச் சொல்லி, மெதுவாகப் பேசவைக்கிறார்கள். நல்ல விஷயம். எங்களுக்கு வாய்த்தது காசிமேட்டுக் காற்றுதான். “கடக் காத்து பட்டா சரியாப் பூடும், நீங்களும் வாங்கடி,” என்று மீன்காரம்மா எங்கள் மூவரையும் ஒருநாள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். கரையோரம் கொட்டியிருந்த கருங்கற்களில் உட்காரவைத்துவிட்டு மீன் எடுக்கப் போய்விட்டார். டீசல் நாற்றம், ஐஸ் உடைக்கிற சத்தம். கற்களின் இடுக்கில் தண்ணீர் ஏறி மூச்சுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் மூன்று கற்களில்.

பக்கத்தில் வலையிலிருந்து குப்பை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“யார் வூட்டுப் பொண்ணுங்க? உம்பேரு இன்னா பாப்பா?”

மீன்காரம்மாவின் மகள் கல்லோடு கல்லானாள். அது எனக்குப் பழகிப்போனது. பழகாதது மற்றது. கடைக்காரர் மகள், தெருவுக்கே கதை சொன்னவள், பின்னலை வாயில் வைத்துக்கொண்டு விறைத்திருந்தாள்.

“இன்னாடா பேஜாரு இது, ரெண்டுத்துக்கும் பேரே வெக்கலியா? உனக்காவது பேருன்னு ஒண்ணு கீதா?” என்று என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். தலையாட்டிவிட்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மீன்காரம்மாவின் மகள் அவர் போன திசையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவுரும் கேட்டாரு.”

மழைக்காலம் முழுவதும் நான் காத்திருந்த குரல். துருப்பிடித்து, யாருடையதோ போல வந்தது.

“யாரு?”

“உப்புக்காரரு. உம்பேரு இன்னாம்மான்னு.”

கேட்டு. கேட்டு, கேட்டு. பெயர் கேட்டு. இரும்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து அந்தச் சொல்லைத் தவறாகப் பிடித்துக்கொண்டு, பாலம் சுற்றி, மண் எடுத்து, கயிறு கட்டி…

“உங்கிட்ட இல்லட்டி,” என்றாள் கடைக்காரர் மகள். “எங்கிட்டத்தான் கேட்டாரு.”

“என்னியதான் பாத்துகினு இருந்தாரு.”

“பொய் சொல்லாத. நீ கண்ண மூடிக்கிட்ட. ரெண்டு தடவ கேட்டாரு. என்னையப் பாத்துத்தான்.”

“அப்பறம் ஏன் வாயே தெறக்கலன்னு கடையில சொல்லிகினு கீற? எல்லார்கிட்டயும்?”

“நாந்தாண்டி தெறக்கல!” என்று கத்தினாள் அவள். “நான்! நான் வாயத் தெறக்கலன்னுதான் சொல்லுதேன். எல்லார்கிட்டயும் சொல்லுதேன். ஒருத்தருக்காவது வெளங்குதா?”

உயிர் போகிற நேரத்தில் ஒரு மனிதர் முன்பின் அறியாத பிள்ளைகளிடம் எதற்குப் பெயர் கேட்பார்? இத்தனை வயதாகியும் எனக்குத் தெரியவில்லை. யாரையாவது கூப்பிட வேண்டியிருந்திருக்கும். கூப்பிடப் பெயர் வேண்டுமே. அன்றைக்கு இதெல்லாம் தோன்றவில்லை. இரண்டு பேரில் யாரைக் கேட்டார் என்று அவர்கள் அடித்துக்கொண்டார்கள். முடியைப் பிடித்து, கல்லில் முழங்கை தேய, நிஜமாகவே அடித்துக்கொண்டார்கள். தீர்ப்புச் சொல்ல நான் அங்கே இருந்திருக்கவில்லை. “ரெண்டு பேரையுந்தான் கேட்டிருப்பாருடி,” என்றேன். இருவரும் நிறுத்தி, ஒரே மாதிரி, என்னைப் பார்த்தார்கள்.

“நீ எதுக்குடி அழுவுற?” என்றாள் மீன்காரம்மாவின் மகள். “நீதான் பாக்கவே இல்லியே.”

உண்மைதான். மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“நீ கேளு,” என்றாள். “அவுரு மாரியே கேளு.”

“எப்படிக் கேட்டாரு?”

“சொம்மாதான். மெதுவா.”

நான் என் கல்லிலிருந்து இறங்கி, அவர்கள் கண்மட்டத்துக்குக் குந்தினேன். “உம்பேரு இன்னாம்மா?”

கடைக்காரர் மகள் சொன்னாள். முழுப்பெயரும், ஞானஸ்நானப் பெயரும், அப்பா பெயரும் சேர்த்து, கடலைப் பார்த்து, ஒப்பிப்பது போல. பாதியில் குரல் கிழிந்தது. கிழிந்ததோடு சொல்லி முடித்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மற்றவள் உதடு அசைந்தது. முதல் எழுத்துக்கு வாய் திறந்தது. உள்ளே எதுவோ கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“மறுபடி கேளு.”

கேட்டேன்.

“இன்னொரு வாட்டி.”

கேட்டேன். மெதுவாகக் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன். வேகன்களின் அடியிலிருந்து கேட்பது போல எனக்குத் தெரியாத ஒரு குரலில் கேட்டேன். அவள் கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் வழிந்து, வாய் அதே முதல் எழுத்தில் திறந்து திறந்து மூடியது. அவள் பெயரை எனக்கு அவள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. என் வாயில் அது தயாராக இருந்தது. எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் அது நான் கொடுக்கக்கூடிய பொருளாக இல்லை.

அப்போது மேலே சாலையிலிருந்து மீன்காரம்மா மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மீன் விற்கிற குரல், கடலைத் தாண்டும். பஸ் வந்துவிட்டது போல. மறுபடி கூப்பிட்டார்.

அவள் எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டு, கல் கல்லாகத் தாண்டிப் போனாள். நாங்கள் இருவரும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ‘தோ வர்றேம்மா’ போதும் எங்களுக்கு. மேலே போய் அம்மாவின் கூடைக்கு ஒரு பக்கம் கை கொடுத்தாள். மீன்காரம்மா திட்டுவது காற்றோடு எங்கள்வரை வந்தது.

“வாய்ல இன்னாடி வெச்சிகினு கீற? தொண்ட கிழியக் கூப்புடறேன். கூப்ட்டா ஏன்னு கேக்க மாட்டியா?”